காணும் பொங்கலுக்கு எந்தப் பூங்கா?

ஊரில் இந்தக் கேள்வியே வராது. வேதாரண்யத்துப் பக்கம் காணும் பொங்கல் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம், அவ்வளவுதான். தூக்குவாளியில் புளியோதரை இருக்கும், தயிர்சாதம் இருக்கும், இரண்டிலும் கொஞ்சம் மணல் இருக்கும். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவோம். சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது என்பதால் எங்கள் வீட்டுக் காணும் பொங்கல் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய்விடும். நாள் தள்ளிப்போவதில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கே போவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு வாரத்துக்குச் சண்டை நடக்கும்.

இந்த முறை பன்னிரண்டு பேர். ஈசூனில் நாங்கள் ஆறு பேர்: நான், வீட்டுக்காரர், பதினைந்து வயது மகள், எங்களோடு இருக்கும் அத்தை, அதாவது என் மாமியார், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவும் அம்மாவும். தெம்பனிஸிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் நான்கு வயது இரட்டைப் பிள்ளைகளும் வருவார்கள். ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து கொழுந்தனும் ஓரகத்தியும். ஓரகத்திக்கு ஏழாம் மாதம். யாரிடமும் கார் இல்லை. வடக்கு, கிழக்கு, மேற்கு என்று தீவின் மூன்று மூலையிலும் ஆள் இருக்கிறது என்பது முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல், இடத்துக்குப் பஞ்சமே இல்லாதது. தேசியப் பூங்காக் கழகத்தின் கையில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. 2030க்குள் எல்லா வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அது எப்போதோ வந்துவிட்டது. “அப்போ கீழே போய் உக்காந்தா போதாதா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். போதாது. தினமும் காய்கறிப் பையோடு கடந்துபோகிற இடத்தைக் காண்பதற்கு எதற்குத் தனியாக ஒரு பொங்கல்?

நான் போடும் கணக்கு வேறு மாதிரி. எந்தப் பூங்கா அழகு என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் யாரால் குறைவாக முடியுமோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் கால் மணி நேரம் நடப்பார், மேடு என்றால் பத்து படிக்கே நின்றுவிடுவார், கைத்தடியை மட்டும் தொடமாட்டார். ஓரகத்திக்கு அரை மணிக்கொரு முறை கழிவறை வேண்டும். இரட்டையருக்கு ஓட இடம் வேண்டும், ஆனால் ஓடினால் சைக்கிள் மோதக் கூடாது. அப்புறம் மழை. டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். பொங்கல் நேரத்தில் இங்கே இரண்டு நாள் விடாமல் பெய்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. கடைசியாகப் பாய் விரித்துச் சாப்பிட ஓர் இடம். இவை எல்லாவற்றுக்கும் ஒத்துவந்த பிறகு அழகைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் கணக்கில் சில பெயர்கள் உடனே விழுந்துவிட்டன. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை மகள்தான் சொன்னாள். 1868இல் முடிந்த, சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். காட்டுக்குள்ளே மர உச்சிகளுக்கு நடுவில் 250 மீட்டருக்குத் தொங்கும் பாலமும் இருக்கிறது, உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதுவும் வேரும் படியுமாக. அம்மாவைப் பாதி வழியில் விட்டுவிட்டா வருவது? தவிர, நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே என் கையிலிருந்த முறுக்குப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒன்று மரமேறியது. மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. நல்ல தேன்குழல் முறுக்கு.

தென்மேடுகள் என்கிற குன்றுப் பாதையும் அதே காரணத்தால் போயிற்று. ஹெண்டர்சன் சாலைக்கு 36 மீட்டர் மேலே அலை மாதிரி வளைந்து போகிற மரப்பாலம் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் பெயரிலேயே மேடு இருக்கிறது. கரையோரப் பூந்தோட்டங்களை ஓரகத்தி சொன்னாள். 2012இல் திறந்தது. 101 ஹெக்டேர். வெளித்தோட்டம் முழுவதும் இலவசம், இந்தியத் தோட்டம் என்று தனியாக ஒரு பகுதிகூட உண்டு. ஆனால் அது மாலைக்கான இடம் என்பது என் எண்ணம். அங்கே நிற்கிற மர வடிவ ராட்சதக் கோபுரங்களுக்கு விளக்கு ஏற்றிய பிறகுதான் உயிர் வருகிறது. காலை பதினொரு மணி வெயிலில் அவை வெறும் இரும்புதான். கண்ணாடிக் கூடங்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும், அதிலும் சுற்றுப்பயணிகளுக்கு விலை அதிகம். அப்பா அதை இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு, “வெளியே நின்னே பாத்துக்கலாம்” என்றார். வேறொரு நாள் விளக்கு நிகழ்ச்சிக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

தம்பி பாசிர் ரிஸ் என்றான். அவன் வீட்டுக்குப் பக்கம் என்பதைத் தவிர அவன் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. கொழுந்தன், பொங்கலைப் பொங்கோலில் கொண்டாடலாமே என்றான். பொங்கோல் இங்கே ஒரு வட்டாரத்தின் பெயர், இந்தச் சிலேடையை ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் நான்கு இடங்கள் மிஞ்சின.

முதலில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. தம்பியின் இரண்டாவது கோரிக்கை இதுதான், காரணம் கோழி. காணும் பொங்கலன்று எங்கள் பக்கம் கறி சமைப்பது வழக்கம், அதனால் பார்பிக்யூ போடுவதும் சம்பிரதாயம்தான் என்று வாதாடினான். அடுப்புக் குழியை முன்கூட்டியே பதிவுசெய்து பணம் கட்டிவிட்டால் நம் பெயருக்கு ஒதுக்கிவிடுவார்கள். 185 ஹெக்டேர் பூங்கா அது. கடலோரமாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு நீளும். அவ்வளவு நிலமும் கடலைத் தூர்த்து எடுத்தது. 1966இல் தொடங்கிய வேலை. அதற்கு முன்னால் அலை அடித்த இடத்தில் இன்று சவுக்கும் தென்னையும் நாட்டு வாதாம் மரமும் நிற்கின்றன.

முன்பெல்லாம் கார் இல்லாதவர்களுக்கு அந்தப் பூங்கா கொஞ்சம் தொல்லை. விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பேருந்து மாறி, சுரங்கப்பாதை தேடிப் போக வேண்டும். 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மரின் பரேட், சிக்லாப் நிலையங்கள் திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது ரயிலில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக நடந்தே கடற்கரைக்குப் போய்விடலாம். என் நடைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அம்மாவின் நடைக்கு அதை இரண்டால் பெருக்க வேண்டும். கணக்கு அங்கேயே இடித்தது.

அப்படியும் கடல் என்றால் அம்மாவுக்குப் பிடிக்குமே என்று போன மாதம் ஒரு நாள் டாக்சியில் அழைத்துப்போய்க் காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். கரையிலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாக நிற்கும், அதை எண்ணினார். அப்புறம், “ஏன்டி, அலையே இல்லையே?” என்றார். கோடியக்கரைக் கடலைப் பார்த்து வளர்ந்தவரிடம் நான் என்ன சொல்வது? கடலைப் பார்க்காதவர்களைத்தான் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் போல.

இன்னொரு குறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிள் பாதையில் போகிற கூட்டம். வாடகைச் சைக்கிளை முதல் தடவை ஓட்டுகிறவர், நான்கு பேர் மிதிக்கும் வண்டியில் வரும் குடும்பம், பந்தயத்துக்குப் பழகுகிற மாதிரி பறக்கிறவர் எல்லாரும் அதே பாதையில்தான். பாதையைத் தாண்டினால்தான் மணல். நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை அதைத் தாண்டித் தாண்டி விளையாட விடத் தம்பி மனைவிக்கே மனமில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால், அதுவும் எல்லாருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றால், நான் யோசிக்காமல் ஈஸ்ட் கோஸ்ட் என்றுதான் சொல்வேன். கடலோரத்து உணவங்காடி நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால் சாப்பாடுகூடக் கட்டத் தேவையில்லை.

அடுத்து பீஷான் - அங் மோ கியோ பூங்கா. எனக்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

1988இல் திறந்த பழைய பூங்காதான். ஆனால் அப்போது அதன் ஓரமாகக் காலாங் ஆறு சிமெண்டு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. நேர்க்கோடாக, இரண்டு பக்கமும் வேலி போட்டு. மழை பெய்தால் நிரம்பும், மற்ற நாளில் அடியில் நூல் மாதிரி தண்ணீர் ஓடும். அந்த 2.7 கிலோமீட்டர் வாய்க்காலை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் மறுபடி திறந்தார்கள். கரை முழுக்கப் புல்லும் செடியும் கல்லும். உடைத்தெடுத்த சிமெண்டுப் பாளங்களை வீணாக்காமல் ஒரு சின்னக் குன்றாகவே குவித்துவிட்டார்கள், ஏறி நின்று பார்க்கலாம். வாய்க்காலை ஆறாக்கிய ஊரை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆறு வாய்க்காலாவதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

ஆறு வந்ததும் நீர்நாய்களும் வந்தன. பள்ளிக்கூடத்தில் செய்யுள் பகுதியில் மட்டும் கேட்டிருந்த நீர்நாயை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது பீஷானில்தான். குடும்பமாக நீந்திவந்து, கரையேறி, மீனைக் கடித்துத் தின்றுவிட்டு மணலில் புரண்டன. நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றுக்கும் அன்று காணும் பொங்கல்தான் போலிருக்கிறது.

தரை சமதளம், புல்வெளி தாராளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் உண்டு. எங்கள் மூன்று வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடமும் அதுதான். இத்தனையும் இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? மழை.

அந்தப் பூங்காவின் வடிவமைப்பே மழைக்காகத்தான். அடைமழை பெய்தால் ஆறு அகன்று புல்வெளியில் ஏறும், அதாவது நாம் பாய் விரித்த அதே புல்வெளியில். தண்ணீர் ஏறுவதை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஊதும், மேட்டுக்குப் போகச் சொல்லி அறிவிப்பு வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி ஞாயிறு, சரியாகத் தயிர்சாதத்துக்கு வந்திருந்தபோது அந்தச் சங்கு ஊதியது. ஆபத்து ஒன்றுமில்லை, நேரம் தாராளமாகவே இருந்தது. ஆனால் தூக்குவாளி, பாய், ஐஸ் பெட்டி, செருப்பு, அப்போது இரண்டு வயதாக இருந்த இரட்டையர் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேடேறினோம். ஊறுகாய் பாட்டில் மட்டும் கீழே தங்கிவிட்டது. அத்தை மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆத்துக்குப் படையல் போட்டாச்சு” என்றார். அப்போது எல்லாருக்கும் கால் நன்றாக இருந்தது. இப்போது ஏழாம் மாதத்துக்காரியையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் முடியாது. ரயில் நிலையத்திலிருந்து பூங்கா வாசலுக்கு நேரே வந்துவிடவும் முடியாது. பீஷானில் இறங்கினால் பேருந்து பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். மார்ச் மாதம் என்றால் என் ஓட்டு பீஷானுக்குத்தான்.

மூன்றாவது ஜூரோங் ஏரித் தோட்டம். நேர்மையாகச் சொன்னால் எழுதிவைத்த கணக்குப்படி இதுதான் ஜெயிக்க வேண்டும். 90 ஹெக்டேர். சைனீஸ் கார்டன் நிலையத்தில் இறங்கினால் நடை கொஞ்சம்தான். ஏரிக்கரை என்பதால் பெரும்பாலும் சமதளம். கழிவறைகள் புதிது. 2019இல் திறந்த ஏரிக்கரைப் பகுதியில் பிள்ளைகளுக்கு ஏறிக் குதிக்கவும் தண்ணீரில் நனையவும் தனித்தனி இடம் கட்டியிருக்கிறார்கள். எழுபதுகளில் உருவான சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் பல வருடம் மூடியிருந்துவிட்டு 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தன. ஏழு மாடிக் கோபுரம் ஏரித் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். மகள் படமெடுக்க அது போதும்.

தெம்பனிஸிலிருந்து ரயில் மாறாமலே வந்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் தீவின் கிழக்கிலிருந்து மேற்குவரை, வழியில் இருக்கிற எல்லா நிலையத்திலும் நின்று நின்று வர வேண்டும். நான்கு வயது இரட்டையரோடு அப்படி ஒரு பயணம் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தம்பி மனைவி நேராகவே சொன்னாள்: “அக்கா, போய்ச் சேர்றதுக்குள்ளேயே என் காணும் பொங்கல் முடிஞ்சிடும்.” நிழலும் எனக்குப் போதவில்லை. புதிதாகச் செய்த இடங்களில் மரங்கள் இன்னும் இளசு, புல்வெளி வெட்டவெளியாக இருக்கிறது. இன்னும் பத்து வருடம் போனால் அந்த இடத்தின் அழகே வேறாக இருக்கும். ஜூரோங் வெஸ்ட்காரர்களுக்கு மட்டும் இது வீட்டு வாசல். கொழுந்தன் அரைமனதாகத்தான் விட்டுக்கொடுத்தான். குழந்தை பிறந்த பிறகு அடுத்த பொங்கல் அங்கேதான் என்று எழுதாத ஒப்பந்தம்.

நான்காவது பூமலை.

பொட்டானிக் கார்டன்ஸ் என்று இப்போதைய பிள்ளைகள் சொல்கிறார்கள். அத்தையின் வாயில் அது எப்போதும் பூமலைதான். 1859இல் தொடங்கிய தோட்டம், 82 ஹெக்டேர். 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. சிங்கப்பூரிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அது. காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவுவரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து தெற்குவரை இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், நடுவில் மேடும் இறக்கமும். பெயரிலேயே மலை இருக்கிறதே, சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை நாய், தள்ளுவண்டி, கல்யாணப் படம் எடுக்கும் ஜோடி என்று தோட்டம் நிரம்பி வழியும். அன்னப் பறவைக் குளத்தருகில் பாய் விரிக்க இடம் கிடைப்பது சிரமம்.

ஆனால் முழுத் தோட்டத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆயிற்று. எல்லாரும் தெற்குப் பக்கம், பழைய தாங்ளின் வாசல் பக்கம் போகிறார்கள். நாங்கள் வடக்கே புக்கிட் தீமா வாசலோடு நின்றுகொள்ளப் போகிறோம். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரே தோட்டத்து வாசல். உள்ளே போனதும் ஒரு ஏரி, சுற்றிப் புல், கொஞ்ச தூரத்தில் கழிவறை. அம்மாவுக்கு மேடே வராது. பிள்ளைகளுக்கான ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பதினான்கு வயதுவரை உள்ளவர்களுக்கான இடம் அது, கூடவே ஒரு பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே போக முடியாது. தோட்டம் முழுவதும் சைக்கிளுக்குத் தடை. தம்பி மனைவி அதைக் கேட்டதும் ஓட்டுப் போட்டுவிட்டாள்.

ரயில் கணக்கும் இங்கேதான் ஒத்துவருகிறது. தெம்பனிஸிலிருந்து டௌன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமல் வந்துவிடலாம். நாங்கள் பீஷானில் மாற வேண்டும், ஜூரோங்காரர்கள் புவன விஸ்தாவில் மாற வேண்டும். மிஞ்சிப்போனால் ஒரு மாற்றம், யாரும் தீவைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

மரங்களைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது முதலில் பெரிய ஆர்வம் இல்லை. இந்த ஊர்ச் சாலைகளில் குடை விரித்து நிற்கிற மரத்தை ரெயின் ட்ரீ என்கிறார்களே, அது நம் தூங்குமூஞ்சி மரம்தான் என்று வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் பொறுக்கும் சிவப்பு சாகா விதை நம் ஆனைக்குன்றிமணி. “மரம் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றார். பூமலையில் நாகலிங்க மரம் இருக்கிறது, பூ நேரே அடிமரத்திலேயே பூத்திருக்கும் என்றேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பறிக்கலாமா?” என்பதுதான் அடுத்த கேள்வி. பறிக்கக் கூடாது. எந்தப் பூங்காவிலும் ஒரு பூ, ஒரு இலை பறிக்கக் கூடாது. கீழே விழுந்ததை மோந்து பார்க்கலாம். அந்த மரம்வரை நடக்கக் கால் ஒத்துழைக்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு ஓட்டு விழுந்தது, அத்தையிடமிருந்து. அத்தை ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரம் என்று சொல்லமாட்டார், பால் மரம் என்பார். அவருடைய அம்மா விடியற்காலை நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, “பால் மரம் பூமலையிலேர்ந்துதானே வந்துச்சு” என்றார்.

அது உண்மை. 1877இல் லண்டன் க்யூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மீன்முள் வடிவில் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தார். காபி பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளிடம் விதையைக் கொடுத்து, நடுங்கள் நடுங்கள் என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வந்துவிட்டது. அப்புறம் மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, மலாயாவெங்கும் காட்டை அழித்து ரப்பர் போட்டார்கள். பால் வெட்ட ஆள் வேண்டுமே? கங்காணிகள் தஞ்சாவூர்ப் பக்கமும் நாகப்பட்டினம் பக்கமும் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். அத்தையின் தாத்தா அப்படிக் கப்பல் ஏறியவர். அந்த இருபத்திரண்டு செடி வராவிட்டால் அத்தை இந்தப் பக்கம் பிறந்திருக்கவே மாட்டார், என் கல்யாணமும் வேறு எங்கேயோ நடந்திருக்கும்.

வாட்ஸப் குழுவில் அதற்குப் பிறகு யாரும் கோழியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்காவது.

மழை வந்தால் பூமலையிலும் நனையத்தான் வேண்டும், ஆனால் ஏரிப் பக்கத்திலிருந்து ரயில் நிலையம் கைக்கெட்டும் தூரம். காற்றும் இடியும் கிளம்பினால் மரத்தடியில் ஒதுங்குவது மட்டும் வேண்டாம் என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 2017 பிப்ரவரியில் இதே தோட்டத்தில் 270 வயதுக்கு மேலான தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒருவர் இறந்துபோனார். ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர் நோட்டில் படமாக இருக்கிற தெம்புசு வேறு, அது இன்னும் வேலிக்குள்ளே பத்திரமாக நிற்கிறது. கிழட்டு மரங்கள் நிறைந்த இடம் என்பது பூமலையின் அழகு. காற்று நாளில் அதுவே பயமும்.

அம்மாவிடம் இன்னொரு விஷயமும் பேச வேண்டியிருந்தது. காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் அவர் சாப்பிடமாட்டார். இங்கே பறவை எதற்கும் பொது இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள், புறாவுக்குப் போட்டாலும் அப்படித்தான் என்று விளக்கினேன். “காக்காய்க்குமா?” என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் முதல் பிடியை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்து, வேண்டிக்கொண்டு, இரட்டையருக்கு ஊட்டிவிடுவது என்று சமரசம் ஆயிற்று. இரண்டும் காக்காய் மாதிரிதான் கத்தும், பொருத்தம்தான். கொழுந்தனுக்கு ஒரு தகவல்: 2022 ஜூலையிலிருந்து பூங்காக்களில் புகைபிடிக்கவும் தடை. ஓரகத்தி இதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள்.

அப்பாவுக்கு மட்டும் பூமலையில் திருப்தி இல்லை. நடந்து முழுத் தோட்டத்தையும் சுற்றிவிட்டு வருகிறேன் என்கிறார், அது சரி. ஆனால் அவர் மனம் பறவைகளில் இருக்கிறது. கோடியக்கரைக்கு வரும் பூநாரையையும் உள்ளானையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அவருக்கு ஒரு தனி ஏற்பாடு செய்திருக்கிறேன். அதற்கு முந்தைய சனிக்கிழமை விடிகாலையில் நாங்கள் இருவர் மட்டும் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போகிறோம். ஈசூனிலிருந்து கிராஞ்சி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே சைபீரியா பக்கமிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும், ஜனவரி அதற்கு நல்ல மாதம். அலையாத்திச் சேற்றில் குதிக்கும் மீன்கள் உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் முதலையும் தெரியும். பன்னிரண்டு பேரோடும் இரண்டு நான்கு வயதுக் குரலோடும் அங்கே போனால் ஒரு பறவையும் மிஞ்சாது. அம்மாவை அடுத்த வாரம் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் கால்களை நனைய வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் முட்டை அவிக்கிறவர்களைப் பார்த்தால் நாகலிங்கத்தைவிட அதைத்தான் ஊரில் போய்ச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நேற்று இரவு குழுவில் போட்ட செய்தி இதுதான். ஞாயிறு காலை எட்டு மணி, புக்கிட் தீமா வாசல். புளியோதரையும் வடையும் ஈசூன், எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தெம்பனிஸ், தயிர்சாதம் ஓரகத்தி செய்ய வேண்டாம், கொழுந்தன் செய்யட்டும். பாய் இரண்டு, அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று. கரும்பு தேக்கா சந்தையில் வாங்கித் துண்டு போட்டு வைத்திருக்கிறோம், ரயிலில் நீளக் கரும்போடு ஏறுகிற கூத்து இந்த வருடம் கிடையாது. ஆறரை மணிக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தால் எல்லாரும் எங்கள் புளோக்கின் கீழே வீடுகள் இல்லாத வெற்றுத்தளத்துக்கு வந்துவிடுங்கள், பாயை அங்கே விரித்துவிடலாம்.

எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். தம்பி மட்டும், “பார்பிக்யூ எப்போ?” என்று கேட்டிருக்கிறான். மார்ச் என்று பதில் போட்டேன். பீஷானில், கோழி இல்லாமல்.